அழுங்கைச் சோதித்த ஆள்காட்டி

ஒரு காட்டில், கண்ணைவிட வாய் முந்திக்கொள்ளும் ஆள்காட்டிக் குருவி ஒன்று இருந்தது.

நெட்டைக் கால், கண்ணோரம் சிவப்புத் தொங்கல், குரல் மட்டும் உடம்பைவிடப் பத்து மடங்கு பெரியது. யார் வந்தாலும் கத்தும். புலி வந்தாலும் கத்தும், புனுகுப் பூனை வந்தாலும் கத்தும், காய்ந்த தேக்கிலை காற்றில் புரண்டாலும் கத்தும். ஒரு நாள் தன் நிழலையே பார்த்து ஊரைக் கூட்டிவிட்டது. அன்றைக்கு முழுக்க வெட்கத்தில் வெளியே வரவில்லை. மறுநாள் வந்து, "நிழல்னாலும் சந்தேகப்படும்படியாத்தான் இருந்தது" என்று சொல்லிக்கொண்டது.

அந்தக் காட்டில் ஒரு சுனை இருந்தது, பிள்ளைகளே. மழைக்காலத்தில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். கோடை வந்துவிட்டால் சுனை சுருங்கிச் சுருங்கி ஒரு யானைக் காது அகலத்துக்கு வந்து நிற்கும். விடியும்போது பளிங்கு மாதிரித் தண்ணீர் ஊறியிருக்கும். நாலு பேர் கால் வைத்தால் போதும், சேறாகிவிடும்.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முன்னொரு கோடையில் செந்நாய்க் கூட்டம் ஒன்று காட்டுக்குள் புகுந்தது. அப்போது காட்டெருமைத் தலைவர் ஒரு காவல் படையைத் திரட்டினார். குட்டிகளையெல்லாம் ஒரு பாறைக் குகைக்குள் அனுப்பிவிட்டு, படை எதிர்த்து நின்றது. செந்நாய்கள் ஓடிப்போயின. அன்றிலிருந்து, படையில் இருந்தவர்களுக்குக் கோடையில் முதல் தண்ணீர். அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் சுனையில் வாய் வைக்கலாம்.

படையில் யார் யார் இருந்தார்கள் என்பது காட்டெருமைத் தலைவருக்குத் தெரியும். அவர் தலையாட்டினால் வழி விடுவார்கள். போன மழையில் அவர் கண்ணை மூடிவிட்டார்.

அந்தச் சண்டை நடந்தபோது நம் ஆள்காட்டி எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? இந்தக் காட்டிலேயே இல்லை. எங்கேயோ ஓர் ஏரிக்கரையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. இதை யாரும் கேட்கவில்லை. அதுவும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் ஒரு விடியற்காலை, நரி நொண்டி நொண்டி வந்து முதல் தண்ணீர் வரிசையில் நின்றது.

"செந்நாய் கடிச்ச காலு. வெயில் ஏறிட்டா வலி உயிர் போகுது" என்று முனகியது.

ஐயோ பாவம் என்று எல்லோரும் வழி விட்டார்கள். ஆள்காட்டி மட்டும் ஒரு கல்லின் மேல் நின்று உற்றுப் பார்த்தது. வரும்போது நரி இடது காலை இழுத்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டுத் திரும்பும்போது வலது காலை இழுத்தது.

"ஏய்! ஏய்! கால் மாறிப்போச்சு! கால் மாறிப்போச்சு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நரி குனிந்து தன் காலைத் தானே பார்த்தது. எந்தக் கால் என்று அதற்கே மறந்துவிட்டது. நாலு காலும் நன்றாக இருந்ததால், நாலு காலில் ஓடிப்போனது.

சுனைக்கரையில் ஒரே சிரிப்பு. எப்போதும் கூட்டமாகவே திரியும் தவிட்டுக்குருவிகள் ஆள்காட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

அதுவரை ஆள்காட்டியை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. 'சத்தம் போடாதே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குக் காது வரைக்கும் குளிர்ந்துபோனது.

"நடிப்பை நடிக்கத் தெரிஞ்சவதானே கண்டுபிடிக்க முடியும்?" என்று கழுத்தை நீட்டியது. "நாங்க மரத்துல கூடு கட்டுற சாதி இல்லை. சரளைக்கல் தரையிலதான் முட்டை வைப்போம். திருடன் வந்தான்னு வை, நான் என்ன பண்ணுவேன்? இறக்கை ஒடிஞ்ச மாதிரி இப்படித் தரையில இழுத்துக்கிட்டு எதிர்ப்பக்கமா ஓடுவேன். ஆஹா, சுலபமா ஒருத்தி மாட்டிக்கிட்டான்னு அவன் என் பின்னாலயே வருவான். ரொம்ப தூரம் கூட்டிக்கிட்டுப் போய் விட்டுட்டு, விர்ருனு பறந்திடுவேன்!"

சொன்னதோடு விட்டதா? செய்தும் காட்டியது. ஒரு இறக்கையைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்து, "ஐயோ அம்மா" என்று சுனையைச் சுற்றி வந்தது. தவிட்டுக்குருவிகள் இறக்கையைத் தட்டின. இன்னொரு தடவை என்றன. ஆள்காட்டி இன்னொரு தடவையும் செய்தது. யாரும் கேட்காமலே மூன்றாம் தடவையும் செய்தது.

புதருக்குப் பின்னால் ஒளிந்து நரியும் பார்த்துக்கொண்டிருந்தது. அது மட்டும் ஒன்றும் தட்டவில்லை.

சுனையைப் பராமரிக்கும் யானைக்கு அன்றாடம் வரிசைச் சண்டை தீர்த்தே அலுத்துப்போயிருந்தது. "தலைவர் போனப்புறம் எனக்கும் யார் யாருன்னு தெரியலை. இனிமே முதல் தண்ணீர் வரிசையை நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டது.

அவ்வளவுதான். ஆள்காட்டிக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் முதல், கல்லின் மேல் ஏறி நின்று இரண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தது.

"காயத்தைக் காட்டு. கதையைச் சொல்லு."

முதலில் வந்தது காட்டுப்பன்றி. அதன் உடம்பில் காயத்தைத் தேட வேண்டியதில்லை, காயத்துக்கு நடுவில்தான் உடம்பைத் தேட வேண்டும். கதையும் அப்படித்தான். "ஒரு பக்கம் நான், மறுபக்கம் அதுங்க. கோரைப்பல்லால ஒரு குத்து! ஏழு செந்நாய் எகிறி விழுந்துச்சு!" என்றது. நேற்று வரை அது மூன்று செந்நாய்தான்.

"இது வீரம்!" என்றது ஆள்காட்டி. "போங்க பன்றியண்ணே, வயிறாரக் குடிங்க."

அடுத்து வந்தது கீரி. அதற்கு வால் பாதிதான் இருந்தது.

"இது செந்நாய் கடிச்சதுதான்னு எப்படி நம்புறது? பிறக்கும்போதே பாதி வாலோட பிறந்திருக்கலாமே?"

கீரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "உன் வீட்டுக்கு வந்து என் வாலைத் தேடிக் குடுன்னு நான் கேட்டேனா? போடி!" என்று திட்டிவிட்டுப் போனது. அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

"பார்த்தீங்களா? உண்மையானவங்களுக்குக் கோபம் வருமா?" என்றது ஆள்காட்டி.

"வராதுக்கா, வராதுக்கா" என்றன தவிட்டுக்குருவிகள்.

இப்படித் தினமும் விடியலில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. தண்ணீர் குடிக்க வருகிறவர்களைவிட, யார் மாட்டுகிறார்கள் என்று பார்க்க வருகிறவர்கள் அதிகம். தவிட்டுக்குருவிகள் வந்ததும் வராததுமாக, "இன்னைக்கு யாருக்கா?" என்று கேட்கும்.

ஒரு நாள், "இன்னைக்கு யாரும் இல்லை. எல்லாரும் சரியாத்தான் இருக்காங்க" என்று ஆள்காட்டி சொல்லிவிட்டது.

"அப்படியா" என்றன தவிட்டுக்குருவிகள். "அங்கே ஓணான் தோல் உரிக்குதாம், வாங்கடி" என்று ஒட்டுமொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டன.

ஆள்காட்டி கல்லின் மேல் தனியாக நின்றது. ஒரு ஓணான் தோலுக்கு இருக்கிற மதிப்புக்கூட நமக்கு இல்லையே என்று இருந்தது. நாளைக்கு யாரையாவது பிடித்தே ஆக வேண்டும் என்று முடிவு கட்டியது. பிடிக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது, பொய்யும் இருக்க வேண்டும் என்பது அதற்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் வரிசைக் கடைசியில் அழுங்கு வந்தது.

அழுங்கு பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? உடம்பு பூராவும் ஓடு வேய்ந்தது மாதிரி செதில் செதிலாக இருக்கும். எறும்பையும் கறையானையும் தின்னும். யாரையும் கடிக்காது, கடிக்கப் பல்லே கிடையாது. பயந்துவிட்டால் அப்படியே பந்தாகச் சுருண்டுகொள்ளும். இந்த அழுங்குக்கு வாலின் மேல் ஒரு குட்டியும் தொற்றிக்கொண்டிருந்தது. அது பிறந்து ரொம்ப நாள் ஆகவில்லை. செதில்கூட இன்னும் கெட்டிப்படவில்லை.

அழுங்கு யாரோடும் பேசாது. வரும், ஓரமாக நின்று குடிக்கும், போய்விடும். இத்தனை காலமும் காட்டெருமைத் தலைவர் அதைப் பார்த்ததும் தலையாட்டுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"நில்லு, நில்லு!" என்றது ஆள்காட்டி. "காயத்தைக் காட்டு."

"காயம் இல்லை தாயி" என்றது அழுங்கு. "செதில் பிஞ்சா மறுபடி முளைச்சிடும்."

"வசதியாத்தான் இருக்கு! சரி, கதையைச் சொல்லு. செந்நாய் வந்தப்போ நீ என்ன பண்ணினே?"

அழுங்கு எல்லோரையும் பார்த்தது. இத்தனை முகம் ஒன்றாகத் தன்னைப் பார்ப்பது அதற்கு என்னவோ மாதிரி இருந்தது. குனிந்துகொண்டே சொன்னது:

"படுத்திருந்தேன்."

சுனைக்கரையே வெடித்துச் சிரித்தது. தவிட்டுக்குருவிகள் கிளையிலிருந்து விழுந்து விழுந்து எழுந்தன. புள்ளிமான் ஒன்று சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டது.

"படுத்திருந்தியா!" என்றது ஆள்காட்டி. "எவ்வளவு நேரம் படுத்திருந்தீங்க மகாராணி?"

"அதுங்க போற வரைக்கும்."

"பயமா இருந்துச்சா?"

"ரொம்ப பயமா இருந்துச்சு."

"கேட்டீங்களா!" ஆள்காட்டி கல்லின் மேல் குதித்தது. "படையில இருந்தவங்க யாராவது பயந்தேன்னு சொல்லுவாங்களா? பன்றியண்ணே, நீங்க சொல்லுங்க. இந்தம்மாவை நீங்க சண்டையில பார்த்தீங்களா?"

காட்டுப்பன்றி யோசித்தது. "நான் முன்னால நின்னேன். அங்கே இது இல்லை. இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றது. அது சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அழுங்கு ஏதோ சொல்ல வாயெடுத்தது. சிரிப்பு அதிகமானது. உடனே குட்டியை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, வாலால் மூடி, பந்தாகச் சுருண்டுவிட்டது.

"பார்த்தீங்களா? பதில் இல்லைன்னதும் கதவைச் சாத்திக்கிட்டா!"

யானை பெருமூச்சு விட்டது. "தலைவர் இருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன பண்றது? அம்மா அழுங்கு, இனிமே நீ எல்லாரோடயும் சேர்ந்து பின்னால வந்து குடிச்சிக்கோ."

"சரிங்க" என்று பந்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

எல்லோரோடும் சேர்ந்து என்றால், அழுங்குக்கு எல்லோருக்கும் கடைசி என்று அர்த்தம். அதன் நடைக்கு யாரை முந்த முடியும்? மான்கள் குதித்து வரும், குரங்குகள் தாவி வரும். அழுங்கு வந்து சேரும்போது சுனையில் சேறுதான் இருக்கும். தாய் சேற்றை நக்கிக்கொள்ளும். குட்டிக்குச் சேறு இறங்கவில்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பிக்கொள்ளும். தாய்க்குத் தண்ணீர் இல்லை, அதனால் பாலும் இல்லை. நாளாக நாளாகக் குட்டிக்கு வாலைப் பிடிக்கிற பிடி தளர்ந்துபோனது. வழியில் பொத்தென்று விழும். தாய் நின்று, திரும்பி, மூக்கால் நெம்பி மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

தூரத்திலிருந்து நடக்க முடியாமல், சுனைக்குப் பக்கத்திலேயே, சரளைக்கல் தரையின் ஓரத்தில் ஒரு வளை தோண்டிக் குடிவந்தது அழுங்கு. அந்தத் தரையில்தான் ஆள்காட்டியின் முட்டைகளும் இருந்தன.

ஒரு நாள் குட்டி விழுவதை ஆள்காட்டி பார்த்துவிட்டது. உள்ளே என்னவோ சுருக்கென்று குத்தியது. கல்லாக இருக்கும் என்று காலைத் தூக்கிப் பார்த்தது. கல் ஒன்றும் இல்லை. 'இதுவும் நடிப்புதான், குட்டிக்கும் சொல்லிக் குடுத்திருக்கா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சொன்ன பிறகும் குத்தியது.

அப்படியிருக்க, ஒரு நாள் விடியல். ஆள்காட்டி வரிசை பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தது. சரளைக்கல் தரையில் ஒரு நிழல் நீண்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால், நரி!

ஆள்காட்டிக்குக் கை வந்த கலைதானே? உடனே இறக்கையைத் தாழ்த்தியது. தலையைச் சாய்த்தது. "ஐயோ அம்மா, ஐயோ அம்மா" என்று எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிப் பார்த்தது.

நரி பின்னால் வரவில்லை. பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு" என்றது நரி. "அன்னைக்கு சுனைக்கரையில பண்ணினதைவிட இன்னைக்கு நல்லா இருக்கு. இறக்கையை மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்த்தினா ரொம்ப எடுப்பா இருக்கும்."

ஆள்காட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பிழைப்புக்கு இருந்த ஒரே ஒரு வித்தையை, கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, மூன்று தடவை ஊருக்கே ஆடிக் காட்டியிருக்கிறது. அறிவாளி!

நரி எழுந்து நேராக முட்டைகளை நோக்கி நடந்தது.

அதன் பிறகு ஆள்காட்டி நடிக்கவில்லை. விர்ரென்று பறந்து நரியின் முகத்தில் மோதியது. கண்ணைக் கொத்தியது. நரி தலையைத் திருப்பி ஒரே கடி. மளுக்கென்று ஒரு சத்தம். ஆள்காட்டி தரையில் விழுந்தது. இறக்கை நிஜமாகவே ஒடிந்துவிட்டது.

"ஐயோ, என் இறக்கை! யாராவது வாங்களேன்! என் முட்டை!"

சுனைக்கரையில் எல்லோருக்கும் கேட்டது. காட்டுப்பன்றி தண்ணீரிலிருந்து முகத்தைக்கூட எடுக்கவில்லை. "இது தினமும் கத்துறதுதானே" என்றது. தவிட்டுக்குருவிகள் மட்டும் குஷியாகக் கிளம்பின. "ஆள்காட்டி அக்கா நடிக்கிறாங்க! வாங்கடி, வாங்கடி!"

வந்து பக்கத்து முள்மரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

"அக்கா, சூப்பர்!"

"நரியையும் கூட்டு சேர்த்திருக்காங்கடி!"

"நடிப்பு இல்லைடி! நிஜம்டி, நிஜம்!" என்று கதறியது ஆள்காட்டி.

"நரியும் அன்னைக்கு அப்படித்தான் சொல்லுச்சு" என்றது ஒரு தவிட்டுக்குருவி. "காயத்தைக் காட்டுங்கக்கா!"

"இறகு மூடியிருக்கு, ஒண்ணும் தெரியலையே!"

"கதையைச் சொல்லுங்கக்கா! கொஞ்சம் ஆவேசமா!"

ஆள்காட்டி வாயைத் திறந்தது. பிறந்ததிலிருந்து மூடாத அந்த வாயில், அன்றைக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. வலி இருந்தது. பயம் இருந்தது. முட்டை போகப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது. இதில் கதை எங்கே இருக்கிறது சொல்ல?

'ரொம்ப பயமா இருந்துச்சு' என்று யாரோ எப்போதோ சொன்னது அதற்கு ஞாபகம் வந்தது.

அப்போது தரையின் ஓரத்தில் மண் அசைந்தது. வளைக்குள்ளிருந்து அழுங்கு வெளியே வந்தது. வாலில் குட்டி. அதே மெதுவான நடை. நரி முட்டைக்கு அருகில் போய்விட்டது. அழுங்கும் வந்துகொண்டிருந்தது. நரி குனிந்து வாயைத் திறந்த நேரம், அதன் மூக்குக்கும் முட்டைகளுக்கும் நடுவில் ஒரு செதில் முதுகு நுழைந்தது.

"இது என் வேலை இல்லைதான்" என்று யாருக்கோ சொல்வது போல மெதுவாகச் சொன்னது அழுங்கு. குட்டியை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. முட்டைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டது. வாலைச் சுற்றி மூடியது. படுத்துவிட்டது.

நரிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் பிறாண்டிப் பார்த்தது. பிறகு கடித்தது. இந்தப் பக்கம் கடித்தது, அந்தப் பக்கம் கடித்தது. உருட்டப் பார்த்தது. அழுங்கு நகத்தைச் சரளைக்குள் புதைத்திருந்தது, அசையவில்லை. ஒரு செதில் பிய்ந்து விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. நரிக்கு வெறி வந்து, வாய் கொள்ளும் அளவு வைத்து ஒரே நெரி நெரித்தது.

பட்டென்று நரியின் கோரைப்பல் ஒன்று முறிந்தது.

நரி போட்ட ஊளையில்தான் சுனைக்கரையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பன்றி ஓடி வந்தது, யானை வந்தது, புள்ளிமானும் வந்தது. இத்தனை பேரையும் பார்த்ததும் நரி எடுத்தது ஓட்டம். செதில் விளிம்பு பட்டு ஒரு பாதம் கிழிந்திருந்தது. நொண்டிக்கொண்டே ஓடியது. அந்தத் தடவை நிஜமாகவே நொண்டியது, ஆனால் யாரும் நம்பவில்லை.

தவிட்டுக்குருவிகள் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தன. அது அவற்றுக்கு ரொம்பக் கஷ்டமான காரியம்.

பந்து மட்டும் திறக்கவில்லை. செதில்கள் மெதுவாக ஏறி இறங்கின. புள்ளிமான் அதற்கு அருகில் போனது. மோந்து பார்த்தது. மெல்லத் தன் முதுகை அதன் மேல் சாய்த்துப் பார்த்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"என்ன மானே?" என்றது யானை.

"இந்தக் கல்லு…" என்றது மான். "செந்நாய் வந்தப்போ எங்களையெல்லாம் குகைக்குள்ள விட்டாங்களே, அப்போ நான் குட்டி. வாசலை ஒரு கல்லு அடைச்சிருந்துச்சு. வெளியே ஒரே உறுமல், கடிக்கிற சத்தம். நான் அந்தக் கல்லுல முதுகைச் சாய்ச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன். கல்லு சூடா இருந்துச்சு. 'அம்மா, கல்லு மூச்சு விடுது'ன்னு அப்புறமா சொன்னேன். போடி லூசுன்னு சிரிச்சாங்க. நானும் மறந்துட்டேன்."

மான் மறுபடி முதுகைச் சாய்த்தது. "இது அந்த மூச்சுதான்."

காட்டுப்பன்றி தலையைச் சொறிந்தது. "நாங்க சண்டை முடிஞ்சு குகைக்கு வந்தப்போ வாசல் திறந்து கிடந்துச்சு. கல்லு தானா உருண்டு போச்சுன்னு நினைச்சோம். குட்டிங்களைப் பார்த்த சந்தோஷத்துல யாரும் கல்லைத் தேடலை." பிறகு, "எங்க முன்னாடி நின்னது மூணு செந்நாய்தான். மீதிக் கூட்டம் எங்கே போச்சுன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியலை" என்றது.

ஆள்காட்டி ஒடிந்த இறக்கையை இழுத்துக்கொண்டு பந்துக்குப் பக்கத்தில் வந்தது. இந்தத் தடவை யாரும் இறக்கையைத் தட்டவில்லை.

"அக்கா" என்றது. அது யாரையாவது அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "போயிட்டான். திறங்கக்கா."

அழுங்கு மெதுவாகப் பிரிந்தது. உள்ளே குட்டியும் இருந்தது, முட்டைகளும் இருந்தன. ஒன்றிலும் கீறல் இல்லை.

"அன்னைக்குக் குகை வாசல்ல இருந்தது நீங்கதானா?"

"காட்டெருமை அண்ணன் அடைச்சிக்கோன்னு சொன்னார். அடைச்சிக்கிட்டேன்."

"அப்போ நான் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

அழுங்கு குழப்பமாகப் பார்த்தது. "சொன்னேனே தாயி. படுத்திருந்தேன்னு."

யாரும் சிரிக்கவில்லை.

"இப்படி இப்படின்னு விவரமா சொல்லியிருக்கலாமே!"

"விவரம் என்ன இருக்கு? சுருண்டுக்கிட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. உள்ளே இருட்டு. மேலே கடிக்கிற சத்தம். எப்போ நிக்கும்னு நினைச்சுக்கிட்டே கிடந்தேன். சண்டையை நான் பார்க்கவே இல்லை."

ஆள்காட்டி தரையைப் பார்த்தது. "நானும்தான் பார்க்கலை" என்றது. "நான் அப்போ ஏரிக்கரையில புழு தின்னுக்கிட்டிருந்தேன்."

மறுநாள் விடியலில் ஆள்காட்டி பறக்க முடியாமல் நடந்தே சுனைக்கு வந்தது. கல்லின் மேல் ஏற இரண்டு தடவை முயன்று சறுக்கி விழுந்தது. தவிட்டுக்குருவிகள் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டன:

"இன்னைக்கு யாருக்கா மாட்டினது?"

"ஒரு பெரிய புள்ளி மாட்டியிருக்கு" என்றது ஆள்காட்டி. "எல்லாரும் கேளுங்க! காயம் ஒரு நாள் காயம். கதை ஒண்ணும் கிடையாது. சண்டைக்கே வராதவ, சண்டைக்கு வந்தவங்களுக்கு மார்க் போட்டிருக்கா. நிழலைப் பார்த்துக் கத்தினவதான், ஒரு தாயைப் பார்த்தும் கத்தியிருக்கா. பேரு வேணுமா? கண்ணோரம் சிவப்பா தொங்கும், வாய் மட்டும் பெரிசு!"

சொல்லிவிட்டு, தன் குரல் இருக்கிற உயரத்துக்கெல்லாம் போய்க் கூவியது. "அழுங்கு அக்கா வர்றாங்க! வழி விடுங்க! வழி விடுங்க!"

அழுங்கு வந்தது. எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அதன் நடைக்கு ரொம்ப நேரம் ஆனது. யாரும் ஒரு காலை முன்னால் வைக்கவில்லை. பளிங்கு மாதிரித் தண்ணீரில் குட்டி மூக்கு முழுக வைத்துக் குடித்தது. புரையேறித் தும்மியது. மறுபடி குடித்தது.

கீரிக்கும் ஆள் அனுப்பினார்கள். "முதல்ல அவளோட காயத்தைக் காட்டச் சொல்லு" என்று வீம்பாகத்தான் வந்தது. ஆள்காட்டி இறக்கையைத் தூக்கிக் காட்டியது. கீரி பார்த்தது. "ம், கொஞ்சம் பலமாத்தான் பட்டிருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, பாதி வாலை ஆட்டிக்கொண்டு குடிக்கப் போனது.

"நீயும் வந்து குடியேன், அடிபட்டவ" என்றது யானை.

"எனக்கு என்ன அவசரம்?" என்றது ஆள்காட்டி.

எல்லோரும் குடித்துப் போன பிறகு, கடைசியாக இறங்கிச் சேற்றை அலகால் அள்ளிக் குடித்தது.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டது ஒரு தவிட்டுக்குருவி.

ஆள்காட்டி இருமிவிட்டு, அலகில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டு சொன்னது:

"எனக்கு நல்லா வேணும்."

நீதி: அடுத்தவர் பட்ட பாட்டைப் பொய் என்று கூவுமுன், அந்தப் பாட்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று நம்மை நாமே ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும்.